கடைக்கு வெப்சைட்: கடலூர், பாண்டிக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பாப்புலியூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு முந்திரிக் கடை. அப்பா காலத்துக் கடை. நான் கல்லாவில் உட்கார்ந்த பிறகு அதற்கு ஒரு வெப்சைட் போட்டேன். அதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தும் போனேன். அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கப்புறம் பக்கத்துக் கடைக்காரர்கள், பாண்டியில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பதில் எல்லாம் கடைக்காரன் பார்வையில்தான் இருக்கும்.

வாட்ஸப் இருக்கு, இன்ஸ்டாகிராம் இருக்கு. வெப்சைட் எதுக்கு?

பல கடைகளுக்கு வேண்டியதே இல்லை. தெருவில் இருக்கிறவர்கள் மட்டும் வந்து வாங்கும் மளிகைக் கடைக்கு வாட்ஸப் எண்ணே போதும்.

வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம் போனிலும் வாட்ஸப்பிலும் யார் என்ன கேட்டார்கள் என்று அப்படியே எழுதுங்கள். எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது மூன்றே கேள்வி: இன்றைக்கு விலை என்ன, அரைப்பருப்பு இருக்கிறதா, சென்னைக்கு அனுப்புவீர்களா. ஒரே பதிலை நாள் முழுக்க டைப் அடித்துக்கொண்டிருந்தோம். கேட்டவர்களில் பலர் வெளியூர். அப்படி இருந்தால் வெப்சைட் உதவும். நோட்டில் இருப்பதெல்லாம் "அண்ணே, கடை திறந்திருக்கா?" என்றால் அதற்கு மருந்து வேறு.

என்ன மருந்து?

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது. காசு இல்லை. கடையின் பெயர், இடம், நேரம், போன் எண், நாலு படம். கடை உங்களுடையதுதான் என்று காட்ட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள்; பெயர்ப் பலகையையும் உள்ளே சரக்கையும் ஒரே வீடியோவில் காட்டிவிடுங்கள்.

நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பாண்டியில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டுக்காக வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். அன்றைக்குக் கடை திறந்திருந்தும் மேப்பில் "மூடியுள்ளது" என்று காட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வெப்சைட்டுக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். பலருக்கு இதோடேயே வேலை முடிந்துவிடும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதலில் இரண்டு சொல். டொமைன் என்பது இணையத்தில் கடையின் முகவரி. வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். ஹோஸ்டிங் என்பது இணையத்தில் அந்த வெப்சைட் இருக்கும் இடத்துக்கு வாடகை.

டாட் இன் டொமைன் சாதாரணமாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ வரும். "முதல் வருடம் 99 ரூபாய்" என்று போட்டிருந்தால் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டாம் வருட விலையைப் பாருங்கள். ஹோஸ்டிங்கிலும் இதே விளையாட்டுதான். முகவரியில் https என்று வரவைத்து சைட்டைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. நல்ல ஹோஸ்டிங்கில் கூடவே வந்துவிடும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவுதான் பெரியது: அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், கொரியர், பணம் வாங்கித் தரும் கம்பெனியின் கமிஷன், எல்லாவற்றுக்கும் மேலே தினமும் ஒருவருடைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்று வீட்டில் பேசி முடிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

டொமைன் பெயர் எப்படி வைப்பது?

நினைத்த பெயரைப் போனில் மாமாவிடமோ சித்தியிடமோ ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அவர்கள் அதை ஆங்கிலத்தில் சரியாக எழுதிக் காட்டினால் அது நல்ல பெயர். "ழ" வரும் பெயர்கள் இதில் தோற்றுப்போகும். ஆளுக்கொரு எழுத்தைப் போடுவார்கள். "முந்திரி" என்பதற்கே எனக்கு மூன்று விதமான ஸ்பெல்லிங் வந்தது. அதிகம் வரும் இரண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி ஒன்றை இன்னொன்றுக்குத் திருப்பி விடலாம், அதிகச் செலவில்லை. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடியும் முகவரியும் கிடைக்கிறது. ஆசைக்கு வாங்கலாம். ஆனால் அதைத் தட்டத் தமிழ் கீபோர்டு வேண்டும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

டொமைனை யார் பெயரில் வாங்குவது?

உங்கள் பெயரில். உங்கள் இமெயிலில். உங்கள் போன் எண்ணில்.

இதில்தான் நான் ஏமாந்தேன். முதல் வெப்சைட்டைத் தெரிந்த பையன் ஒருவன் செய்து கொடுத்தான். கெட்டிக்காரன், குறை சொல்ல முடியாது. "நானே எல்லாம் பார்த்துக்கறேன் அண்ணே" என்றான். டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் அவனுடைய இமெயிலில் வாங்கியிருக்கிறான். அடுத்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், போன் எண்ணும் மாறிவிட்டது. பணம் கட்டச் சொல்லி வந்த இமெயில் எல்லாம் அவன் பார்க்காத பெட்டியில் போய் விழுந்திருக்கிறது. ஒருநாள் காலையில் சைட்டைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது. ஓடிபி யாருக்குப் போகிறது என்றே தெரியவில்லை. காலாவதியான பிறகும் பழைய விலையில் புதுப்பிக்கச் சில நாள் அவகாசம் தருவார்கள். அதைத் தாண்டினால் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது மூன்றும் தாண்டியிருந்தது. பழைய முகவரி அச்சடித்த ஐயாயிரம் கைப்பை மட்டும் குடோனில் மிச்சம்.

அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும் பணம் கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். கணக்கு உங்கள் இமெயிலில், பாஸ்வேர்டு உங்கள் நோட்டில், தானாகப் புதுப்பிக்கும் வசதி உங்கள் கார்டில்.

நானே செய்யலாமா, ஆளிடம் கொடுக்கலாமா?

ஷாப்பிஃபை மாதிரித் தயாராக இருக்கும் இடங்களில் மாத வாடகை கட்டி நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கில் பதிவு போடத் தெரிந்தவருக்கு அது வரும். வேர்ட்பிரஸ்ஸும் அதன் மேல் வூகாமர்ஸும் இலவசம். ஆனால் அப்டேட், பேக்கப், ஹோஸ்டிங் எல்லாம் உங்கள் தலையில். ஆள் வைத்துப் பார்க்க முடிந்தால் இரண்டாவது, இல்லாவிட்டால் முதலாவது என்பது என் கணக்கு. நான் இப்போது இருப்பது முதலாவதில்.

ஆளிடம் கொடுத்தால் ஒரு தாளில் இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை பக்கம், எத்தனை பொருள் ஏற்றித் தருவார், விலையை மாற்ற எனக்குச் சொல்லித் தருவாரா, முடித்த பிறகு எத்தனை மாதம் பார்த்துக்கொள்வார். மூன்றாவதுதான் முக்கியம். முந்திரி விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் இன்னொருவருக்குப் போன் போட்டுக் கெஞ்ச முடியாது.

கடையில் 600 ஐட்டம் இருக்கு. எல்லாத்தையும் ஏத்தணுமா?

இருபது போதும். உடையாதது, கெடாதது, எப்போதும் கையிருப்பில் இருப்பது, வெளியூரில் சுலபமாகக் கிடைக்காதது. இந்த நாலுக்கும் பொருந்தும் இருபது.

ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. எங்கள் சைட்டில் முதலில் "முந்திரி, முதல் தரம், கால் கிலோ" என்று மட்டும் போட்டிருந்தேன். வாங்கியவர்கள், "பருப்பு சின்னதாக இருக்கே" என்று போன் போட்டார்கள். கடையில் என்றால் கையில் அள்ளிக் காட்டுவோம், பேச்சே இருக்காது. அப்புறம் மாற்றி எழுதினேன்: 240 ரகம் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 220 முதல் 240 முழுப்பருப்பு, 320 என்றால் 300 முதல் 320. எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். கால் கிலோ பாக்கெட்டில் 240 ரகம் சுமார் 120 முதல் 130 பருப்பு, 320 ரகம் 165 முதல் 175. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் அரைப்பருப்பே போதும், விலை குறைவு என்பதையும் சேர்த்தேன். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். அந்தப் போன் நின்றுவிட்டது.

உங்கள் கடையில் புடவை என்றால் நீளம், ரவிக்கைத் துணி சேர்த்தா இல்லையா, சாயம் போகுமா. வில்லியனூர் சுடுமண் பொம்மை என்றால் உயரம், எடை, வெயிலில் மழையில் வைக்கலாமா. கடையில் வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். "உயர்ந்த தரம்", "சிறந்த சேவை" என்பதையெல்லாம் யாரும் படிப்பதில்லை.

படம் எடுக்க போட்டோகிராபர் வேணுமா?

வேண்டாம். போன், ஒரு வெள்ளை சார்ட் பேப்பர், ஜன்னல். காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள், நேர் வெயில் படக்கூடாது. டியூப்லைட்டில் எடுத்தால் புதுப் பருப்பும் பழைய சரக்கு மாதிரி மஞ்சளடித்துத் தெரியும். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பக்கம் திறக்க வேண்டுமே.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

இரண்டும். பொருளின் பெயரும் விளக்கமும் தமிழில் இருந்தால் நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்கிறார்கள். ஆனால் தேடும்போது பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதனால் அதுவும் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும்.

நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து ஃபைலை வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது வெப்சைட்டில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. எல்லா போனிலும் தமிழ் சரியாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொன்று, தமிழ் எழுத்து இடம் பிடிக்கும். "கூடையில் சேர்க்கவும்" என்று பட்டனில் போட்டால் சின்ன போனில் இரண்டு வரியாக உடையும். "வாங்கு" போதும்.

பணம் எப்படி வாங்குவது?

தொடக்கத்தில் யுபிஐ எண்ணைப் போட்டு வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட் வாங்கினோம். ஒருநாள் 1,850 ரூபாய்க்கு அழகான ஸ்கிரீன்ஷாட் வந்தது, பணம் மட்டும் வரவில்லை. சரக்கு அதற்குள் கிளம்பிவிட்டது. அன்றோடு அதை நிறுத்தினோம். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், பேங்க் கணக்கைப் பாருங்கள்.

ஆர்டர் கொஞ்சம் வரத் தொடங்கியதும் பேமெண்ட் கேட்வே, அதாவது பணம் வாங்கித் தரும் கம்பெனி ஒன்றை, வைத்துக்கொள்வது நல்லது. பணம் வந்தால்தான் ஆர்டர் பதிவாகும். கமிஷன் பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் ஆர்டருக்கு 20 ரூபாய் கமிஷன், 3 ரூபாய் 60 காசு வரி. கையில் வருவது 976 ரூபாய் 40 காசு, அதுவும் உடனே வராது, இரண்டொரு வேலை நாள் ஆகும். விலை வைக்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி? நான் கொடுப்பதில்லை. அனுப்ப 80 ரூபாய் என்றால், ஆள் வாங்காமல் திருப்பிவிட்டால் வரும் வழிக்கும் காசு. பெட்டி வேறு நசுங்கி வரும்.

ஜிஎஸ்டி வேணுமா? நாங்க சின்னக் கடைதான்.

இந்தக் கேள்விக்குக் கடலூரில் ஒரு பதில், பாண்டியில் ஒரு பதில்.

வரியுள்ள பொருள் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. புதுச்சேரியில் அந்த எல்லை 20 லட்சம். ஆனால் மாநிலம் தாண்டிப் பொருள் அனுப்பினால் இந்த எல்லை எதுவும் செல்லாது, பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு சலுகை உண்டு.

நமக்கு மாநில எல்லை எங்கே இருக்கிறது? கடலூர் பக்கம் ஆல்பேட்டை, அதைத் தாண்டினால் பாண்டிப் பக்கம் முள்ளோடை. சைக்கிளில் போய்விடலாம். கடலூர் ஆள் பாண்டிக் கடைக்கு நேரில் வந்து கல்லாவில் காசு கொடுத்து வாங்கிப் போனால், பில்லில் அவருடைய ஊர் முகவரி போடாதவரை, அது உள்ளூர் விற்பனை. அதே பொருளை அதே ஆளுக்கு கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டு முகவரிக்கு நீங்கள் பார்சலில் அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை, அதற்கான வரி ஐஜிஎஸ்டி. விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர்கள் அப்படி அனுப்பவே கூடாது. பாண்டிக் கடைக்காரர்கள் வெப்சைட் போடுமுன் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். லோகோவுக்கு என்ன கலர் என்பது அப்புறம்.

இதில் சைட் செய்பவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தைப் பிரித்துவிடுவார்கள்: 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு என்று. ஆரோவில் 605101, ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் 607 என்று தொடங்கும், அது புதுச்சேரி. காரைக்கால் 609602, மாகே 673310, ஏனாம் 533464, மூன்றும் புதுச்சேரிதான். மாநிலத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பில்லில் போடும் மாநில எண் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34.

வேறு என்னென்ன சட்டப்படி போடணும்?

கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, போன், இமெயில். ரிட்டர்ன் எடுப்பீர்களா மாட்டீர்களா, பணம் எத்தனை நாளில் திரும்பும். புகாரைக் கவனிக்கும் ஆளின் பெயர். 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சின்னக் கடையில் அந்த ஆள் நீங்கள்தான். பாக்கெட் பொருள் என்றால் எம்ஆர்பி, நிகர எடை, தயாரித்தவர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்பதும் சைட்டில் தெரிய வேண்டும். தின்பண்டம் விற்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிம எண்.

இன்னொரு கடையின் பக்கத்திலிருந்து விதிமுறைகளை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, கீழே "டெல்லி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று விட்டுவிட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

பார்சல் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

தராசை மட்டும் நம்பினால் கை கடிக்கும். பல கொரியர்காரர்கள் பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 உள்ள பெட்டி என்றால் 15,000; வகுத்தால் 3 கிலோ. உள்ளே முக்கால் கிலோ பொம்மை இருந்தாலும் 3 கிலோவுக்குக் காசு. எனவே பெட்டியை முதலில் வாங்குங்கள், பிறகு விலை வையுங்கள். எங்களிடம் இரண்டே அளவுப் பெட்டி. கொரியர் போகாத கிராமத்துக்கு ஸ்பீட் போஸ்ட்.

கடலூர் டவுனுக்குள், மஞ்சக்குப்பமோ முதுநகரோ, நாங்களே வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சைட்டின் தலையில் போட ஒரு வரி தயாராக வைத்திருங்கள்: "மழை காரணமாகப் பார்சல் தாமதமாகும்." 2011 டிசம்பர் 30 அன்று "தானே", 2024 நவம்பர் கடைசியில் "ஃபெஞ்சல்" என்று புயல்கள் நம் கரையைத்தான் தேடி வந்தன. கரண்டே இல்லாதபோது பார்சல் எங்கே என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த வரியைப் போனிலிருந்தே போடத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத் திறக்கலாம்னு இருக்கோம். சரியா?

சரியில்லை. கூட்ட நேரத்தில் புதுக் கல்லா வைப்பார்களா? ஆடியில் திறந்து, தவறுகளை எல்லாம் ஆவணிக்குள் செய்து முடித்துவிடுங்கள்.

திறந்தாச்சு. ஆர்டரே வரலையே?

எங்களுக்கு முதல் மாதம் நாலு ஆர்டர். அதில் மூன்று சொந்தக்காரர்கள், பாவம் பார்த்து வாங்கியது. சில ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். எங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நாலாவது ஆர்டர் நெய்வேலியிலிருந்து வந்தது. பெயரைப் பார்த்தால் தெரிந்த பெயர். வருடா வருடம் தீபாவளிக்கு நம் கடைக்கு வந்து இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர். "முழங்கால் வலி, பஸ் ஏற முடியலை தம்பி. போன தடவை கொடுத்த பையில ஏதோ கட்டம் கட்டமா இருந்துச்சு, பேத்தி போனை வச்சு ஆர்டர் பண்ணிட்டா" என்றார்.

க்யூஆர் கோடு அச்சடித்த புதுக் கைப்பையைச் சொல்கிறார். விளம்பரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பையை இன்னும் இரண்டாயிரம் அடித்தேன். பழைய ஐயாயிரம் பையில் முகவரி மேல் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.